கனகசபை ஓதிய கிரேக்கம்

“வாசி” என்று சிங்களத்தில் சொல்லி, கடற்படை அதிகாரி கொப்பியைக் கனகசபையின் பக்கம் தள்ளினான்.

கனகசபைக்குக் கிரேக்கம் தெரியும் என்பது நாரந்தனை முழுக்க அறிந்த சங்கதி. பதினொரு வருசம் கிரேக்கக் கப்பலில் வேலை. ஏதென்சில் ஒரு நீதவானுக்கே இலக்கணப் பிழை திருத்திக் கொடுத்தவர், அவரே சொல்லியிருக்கிறார். கொழும்புத் துறைமுகத்தில் பழகிய சிங்களமும் கைவசம் இருந்ததால், பிடிபட்ட பிள்ளைகளுக்காகக் கடற்படை முகாமுக்குப் போய்க் கதைப்பதும் அவர்தான்.

போன கிழமை மண்கும்பானில், காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனை இயக்கப் போராளிகள் சுட்டுக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அதன்பிறகு முகாம் கண்ணில் பட்டவனையெல்லாம் பிடித்தது. இன்றைக்குச் சுவரோரம் முழங்காலில் நின்றவன் கத்தரீனாவின் மகன் அம்புறோஸ். தெற்கே பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழி, வரலாறு, பண்பாடு என்று எம்.ஏ. படிப்பவன். உதடு கிழிந்திருந்தது. கொப்பி அவனுடையது.

“கிரேக்கப் பாடம் என்கிறான். கிரேக்கமென்றால் வீட்டுக்குப் போவான். இல்லையென்றால், வாசலில் நிற்கிற தாயைக் காத்திருக்க வேண்டாமென்று சொல்.”

கனகசபை கொப்பியைத் திறந்தார். உள்ளதைச் சொன்னால், அவருக்குத் தெரிந்த கிரேக்கமெல்லாம் கப்பித்தானிடம் வாங்கிய ஏச்சுத்தான். ஆனால் கப்பல் முகப்பில் கிரேக்க எழுத்திலிருந்த அதன் பெயருக்கு வருசாவருசம் பெயின்ற் அடித்தவர். அந்த எழுத்துகளில் ஒன்றுகூட இதில் இல்லை. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய கிரேக்கமாக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

தொண்டையைச் செருமினார். கப்பித்தானின் ஏச்சு அத்தனையையும், விரல் வைத்து, தேவாரம் போல இழுத்து ஓதினார். ஓரிடத்தில் கண்ணையும் துடைத்தார்.

“என்ன அர்த்தம்?”

“ஒரு அரசன் சண்டையில் செத்துப்போனான் ஐயா. பெண்சாதி அழுகிறாள்.”

அதிகாரி கொட்டாவி விட்டான். கொப்பியை அம்புறோசின் மடியில் எறிந்தான்.

வாசலில் கத்தரீனா கனகசபையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். பிறகு செபமாலையோடு முன்னே நடந்தாள்.

“தம்பி, ஆருக்கும் சொல்லிப்போடாதை” என்றார் கனகசபை. “எனக்குக் கிரேக்கத்திலை ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவ்வளவும் கப்பித்தான் ஏசின தூசணம்.”

அம்புறோஸ் சிரிக்கவில்லை.

“இது கிரேக்கமில்லை அண்ணை. நானே உண்டாக்கின எழுத்து.”

“அப்ப என்ன எழுதிக் கிடக்கு?”

“நேவிக் காம்புக்குப் போய்வந்து காட்டிக்குடுக்கிற ஆக்களின்ர பேர். இயக்கம் கேட்டது.”

கனகசபை நின்றுவிட்டார். “எங்கட ஊராக்களும் இருக்கினமோ?”

அம்புறோஸ் முன்னே போகும் தாயைப் பார்த்தான்.

“முதற்பேர் உங்கட பேர், அண்ணை.”