பொம்மைக்குப் பதிலாக ஒருவர்

"இன்னைக்கு நீங்க மயங்கிக் கிடக்கக் கூடாது பெரியவரே. வாயைத் திறந்து பேசணும்" என்றார் பயிற்சியாளர்.

பெரியவர் அவசரமாக மறுத்தார். "தொண்டை சரியில்லைங்க. பழையபடி மயக்கத்துலயே இருந்துடறேனே."

"நல்லா இருக்கே! மயங்கிக் கிடக்கிறதுக்கு எழுபது கிலோ பொம்மை ஒண்ணு மூலையில சும்மா கிடக்கு. அது பேசாதுன்னுதானே உங்களை வரச் சொல்றோம்?"

தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியின் செயற்கைப் புகை நிரப்பிய வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வதுதான் பெரியவரின் வேலை. சம்பளம் கிடையாது. பயிற்சி வீரர்கள் தவழ்ந்து வந்து, தடவிக் கண்டுபிடித்து, வெளியே இழுத்து வருவார்கள். இதற்கென வருகிற மற்றவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், நடித்துத் தள்ளுவார்கள். இவர் மட்டும் வெட்டிப் போட்ட கட்டை மாதிரி கிடப்பார். 'மயக்கம் மாமா' என்றே பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கென்ன, வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். மனைவி இறந்து நாலு மாதம் ஆகிறது. சேதி சொல்ல வேண்டியவர்கள் எல்லாருக்கும்கூட இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அலமாரியோடும் நாற்காலியோடும் எத்தனை நாள்தான் பேசுவது? மனுஷக் கை மேலே படுவதே வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான்.

"இன்னைக்கு யாருக்குப் பரீட்சை?" என்று மெல்லக் கேட்டார்.

"பதினேழாம் நம்பருக்கு. மாடு மாதிரி உழைப்பான். ஆனா வாயில்லாப் பூச்சி. வீட்டோட என்ன கோபமோ, லீவு விட்டாக்கூட எங்கயும் போகாம இங்கயே கிடப்பான். போன ரெண்டு தடவையும் உங்களைக் குழந்தை மாதிரி அலுங்காமத்தான் தூக்கிட்டு வந்தான். ஒரு கேள்வி கேக்கணுமே? ம்ஹூம்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இன்னைக்கும் கோட்டை விட்டான்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"நான் பேசினா தேறிடுவானா?"

"அவன் கேக்கணும், நீங்க பதில் சொல்லணும். ரெண்டும் என் வாக்கி டாக்கியில விழணும். அப்பதான் மார்க்."

ஒரு பிள்ளையின் பிழைப்பு தன்னால் கெடக் கூடாது என்று பெரியவர் முடிவு செய்தார். புகைக்காகக் கட்டும் துணியைக் கண் வரைக்கும் ஏற்றிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"புண்ணியம் பண்றவரு ஏன் எப்பவும் திருடன் மாதிரி பின்வாசல் வழியா போறீங்க?"

"பழக்கமாயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். கட்டிலுக்கடியில் படுத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முட்டி தேயும் சத்தம் கேட்டது. ஒரு கை தரையைத் தடவி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஐயா, நான் தீயணைப்பு வீரன். பயப்படாதீங்க." முகமூடிக்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது. "அடி கிடி பட்டிருக்கா?"

பெரியவர் தலையை ஆட்டினார். அந்தப் புகையில் அவர் தலை ஆடியதை யார் கண்டார்கள்?

"பதினேழு! பதில் வாங்காம நகராதே!" என்று அவன் தோளிலிருந்த வாக்கி டாக்கி கத்தியது.

"அடி பட்டிருக்காய்யா?"

"ம்ஹூம்."

"வீட்டுக்குள்ள வேற யாராவது இருக்காங்களா?"

இந்தக் கேள்விக்கு முனகினால் போதாது. தெளிவாகச் சொல்லாவிட்டால் பதினேழாம் நம்பர் அவ்வளவுதான்.

"யாருமில்லப்பா. நான் ஒருத்தன்தான்."

"சபாஷ் பதினேழு, தேறிட்டே! ஆளைத் தூக்கிட்டு வெளியே வா!" என்றது வாக்கி டாக்கி.

மணிக்கட்டைப் பிடித்த கை அசையவே இல்லை. இருட்டில் முகமூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்பா... நீங்களா? நீங்க ஒருத்தர்தான்னா, அம்மா எங்கப்பா?" என்றான் பதினேழாம் நம்பர்.