கூட வேலை பார்த்தவர்

இந்த வேலையும் அவனுக்கே போய்விடுமோ?

நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவளின் மனதில் அந்த ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களாக அப்படித்தான் நடக்கிறது. அவள் விண்ணப்பமும் அவன் விண்ணப்பமும் போன இடங்களில் எல்லாம் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரும். சில இடங்களிலிருந்து அந்த ஒரு வரியும் வராது.

காலையில் அம்மாவிடம் புலம்பியது தப்பாகிவிட்டது.

"எங்க போட்டாலும் அவனையே கூப்பிடுறாங்கன்னா கெட்டிக்காரனாத்தான் இருப்பான். கல்யாணம் ஆயிடுச்சாடி?"

"இல்லம்மா."

"கொஞ்சம் நல்லபடியாப் பேசி வையேன். எதுக்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே."

"அம்மா, நான் வேலை தேடிட்டு இருக்கேன்."

"நான் மட்டும் வேணாம்னா சொன்னேன்? இதுவும் இல்லேன்னா திங்கட்கிழமை மாமா கடைக் கல்லாவுல போய் உட்காரு. மாமாகிட்ட சொல்லிட்டேன்."

மாமா கடையில் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய கம்பெனியை மூடியதிலிருந்து அவள் தன்மேலேயே பல சோதனைகள் செய்து பார்த்துவிட்டாள். பவர் இல்லாத கண்ணாடி போட்டுக்கொண்டாள். குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசினாள். சிரிக்காமல் இருந்து பார்த்தாள், அதிகமாகச் சிரித்தும் பார்த்தாள். பெரும்பாலும் ஒன்றும் பலிக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் அவளே பயப்படும் அளவுக்குப் பலித்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மேலாளர். பக்கத்தில், ஆட்களைத் தேர்வு செய்யும் அதிகாரியம்மா.

"உண்மையைச் சொல்லிடறேம்மா," என்றார் மேலாளர். "உங்க அப்ளிகேஷனை முதல்ல ஒதுக்கித்தான் வெச்சிருந்தோம். உங்க பழைய கம்பெனித் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். இந்தப் பொண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கன்னு உங்களைப் பத்தி ரெண்டு வரி. அவர் சொன்னதுக்காகத்தான் கூப்பிட்டோம்."

"தெரியும் சார்."

"நல்ல மனசு அவருக்கு."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, அங்க என்ன பண்ணீங்க, சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஐஸ்கிரீம் சேமிக்கும் குளிர்கிடங்கு. லாரி வந்தால் கதவு திறந்தே கிடக்கும். குளிரெல்லாம் வெளியே போகும். மூக்கு நுனி மரத்துப்போக உள்ளே நின்று, எந்தப் பெட்டி எந்த லாரிக்கு முதலில் போகிறது என்று கவனித்தாள். அதே வரிசையில் கதவருகே அடுக்க வைத்தாள். கதவு திறந்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது.

மேலாளர் தலையாட்டினார். "இதைத்தான் தம்பியும் எழுதியிருக்கார். அவர் செஞ்சப்போ நீங்க கூட இருந்தீங்களா?"

"நான்தான் சார் செஞ்சேன்."

அதிகாரியம்மா கனிவாகச் சிரித்தாள். "எல்லாரும் சேர்ந்து செய்யற வேலைதானே? நான்தான் நான்தான்னு சொல்லிக்கறது அவ்வளவு நல்லா இருக்காது."

"அவரும் நான்தான்னு சொல்லியிருப்பாரே மேடம்?"

"அது அவரோட தன்னம்பிக்கை."

அவளுக்கு உள்ளே ஏதோ சிரிப்பு போலவும் வந்தது, அழுகை போலவும் வந்தது. எது முந்திக்கொள்ளும் என்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

"கம்பெனி மூடினதுக்கப்புறம் இத்தனை மாசம் சும்மாவா இருந்தீங்க?" என்றார் மேலாளர்.

"வேலை தேடிட்டு இருந்தேன் சார். அவரும் அத்தனை மாசமா வீட்டுலதானே இருக்கார்?"

"அவர் அடுத்து என்னன்னு நிதானமா யோசிச்சிருக்கார். அவசரப்பட்டு எதுலயும் விழலை. அந்தப் பக்குவம்தான் எனக்குப் பிடிச்சது." மேலாளர் பெருமூச்சு விட்டார். "நேத்து வரச் சொன்னோம், வரலை. போன் போட்டா எடுக்கறதில்லை. மெயிலுக்கு மட்டும் உடனே பதில் வருது."

"பெரிய இடம் ஏதாவது கொத்திட்டுப் போயிடும் சார்," என்றாள் அதிகாரியம்மா கவலையோடு.

இருவரும் குனிந்து ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு மேலாளர் முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"ஒண்ணு செய்யலாம்மா. உங்களுக்குப் பழக்கமானவர்தானே? எப்படியாவது பேசி அவரை இங்க கூட்டிட்டு வாங்க. அவர் கேக்கற சம்பளம் தரோம். நீங்களும் அவருக்கு உதவியாளரா அன்னிக்கே சேர்ந்துடலாம். அவருக்குக் கீழ இருந்தா நாலு விஷயம் கத்துக்கலாம், இல்லையா?"

உதவியாளர். தினமும் வர ஒரு மேசை. மாமா கடையும் இல்லை. ஒரே ஒரு கணம், சரி என்று தலையாட்டிவிடலாமா என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவனுக்குக் கீழே உட்கார்ந்து தன் வேலையைத் தானே கற்றுக்கொள்வதை நினைத்துப் பார்த்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார். என்னால கூட்டிட்டு வர முடியாது."

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல சார்," என்றாள் அவள் மெதுவாக. "அதுவும் என் அப்ளிகேஷன்தான், ஒரு ஆம்பளைப் பேரை மட்டும் போட்டுப் பார்த்தேன்."