பாலத்துப் பூதம் கேட்ட கேள்வி

கணினி விளையாட்டு ஒன்றில் செவலை என்றொரு பெண் குதிரை இருந்தது. விளையாட வந்தவன் முதல் நாள் முழுக்க உட்கார்ந்து அதன் பிடரிக்கு நிறம் பார்த்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்தான். தன்மேல் அவனுக்கு உயிர் என்று செவலை நம்பியது. அவன் உருவாக்கிய வீரனைக் காடு மலையெல்லாம் சுமந்தது.

ஒரு பாலத்தில் பூதம் வழிமறித்தது. "குதிரையைப் பலி கொடுக்கிறாயா, உன் பொன்வாளைத் தருகிறாயா?"

வீரன் கடிவாளத்தைப் பூதத்தின் கையில் கொடுத்துவிட்டு, வாளோடு பாலத்தைக் கடந்து போனான்.

"ரொம்பத் தவிச்சுப் போயிருப்பான், பாவம்," என்றது செவலை.

பூதம் கத்தியைத் தீட்டிக்கொண்டே, அதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னது:

"அவன் கேள்வியைப் படிக்கவே இல்லை, தாயி. திரையில மேலே இருந்த பதிலை அழுத்திட்டான்."