ரெண்டும் ஒண்ணுதான்

கடையின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் மரம் அறுக்கும் இரண்டு பெரிய செயின்சாக்கள் கிடக்கின்றன, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். மரம் வெட்டுகிறவர் சிவப்பின் கயிற்றைச் சுண்டி இழுக்கிறார். அது உறுமிக்கொண்டு கட்டைக்குள் இறங்க, மரத்தூள் பறந்து அவர் மீசையில் அப்புகிறது. பொத்தான் போடாத அவருடைய சட்டைக்கை படபடவென்று உதறுகிறது. அவர் மரத்தில் ஏறினால் கீழே வடம் பிடித்தே இருபது வருஷம் ஓட்டிவிட்ட மனைவி, காதைப் பொத்திக்கொண்டு அந்தச் சட்டைக்கையையே பார்க்கிறாள். அடுத்து மஞ்சள். அதே கட்டை, அதே தூள். சட்டைக்கை மட்டும் பேசாமல் தொங்குகிறது. "என்னண்ணே, கைக்கு வித்தியாசம் தெரியுதா? இதுல பாதி அதிர்வுகூட இல்ல," என்று கடைக்காரர் பூரிக்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான். சிவப்பையே குடுங்க, பழகின சனியன்," என்று சிரிக்கிறார் மரம் வெட்டுகிறவர். மனைவி சிரிக்கவில்லை. நாலைந்து மாசமாகவே பொத்தானைப் போடச் சொன்னால், "புழுக்கமா இருக்குடி, காத்து வரட்டும்" என்கிறார். கிட்டே போய்ச் சட்டைக்கையைப் பிடித்துப் பொத்தானை மாட்டுகிறாள். அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கின்றன. சுண்டுவிரலை எடுத்து, நகம் பதிய, அழுத்திக் கிள்ளுகிறாள். அவர் திரும்பவில்லை. கூட ஒரு சங்கிலி சும்மா தருவீர்களா என்று கடைக்காரரிடம் வாயாடிக்கொண்டிருக்கிறார். "மஞ்சளைக் கட்டுங்க," என்கிறாள் மனைவி, அந்த விரலை விடாமல்.