ஒரே வாளிக்குப் போன இரண்டு கட்டுகள்

செண்பகவல்லி டீச்சரின் இரண்டு முழங்கால் மூட்டுகளையும் ஒரே நாளில் மாற்றினார்கள். இடது காலில் பஞ்சுக்கட்டும் வலது காலில் நீர்புகாத பிளாஸ்திரியும் அமர்ந்தன. எந்தக் காயம் முதலில் ஆறுகிறதோ அந்த வகைக் கட்டே இனி அந்த வார்டில் எல்லோருக்கும் போடப்படும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“என்னைத் தினமும் பிரித்து நலம் விசாரிக்கிறார்கள். உன்னை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே, தம்பி?” என்றது பஞ்சுக்கட்டு.

“வேலையை ஒழுங்காகச் செய்பவனை யார் அண்ணே தினமும் சோதிப்பார்கள்?” என்றது பிளாஸ்திரி.

ஏழாம் நாள் நர்ஸ் இரண்டையும் அகற்றினார். காயங்கள் இரண்டும் ஒன்றுபோலவே ஆறியிருந்தன.

“ஆற்றியது நான்தான்!” என்று கத்திக்கொண்டே இரண்டும் மருத்துவக் கழிவுக்கான ஒரே மஞ்சள் வாளியில் விழுந்தன.

“நாம் ஆறிக்கொண்டிருந்தபோது ஓயாமல் பேசிய இருவரும் யார், அக்கா?” என்று இடது முழங்கால் கேட்டது.

“எனக்கும் தெரியவில்லை. டீச்சர் எழுந்துவிட்டார், நீ மடங்கு” என்றது வலது.