நானூறு சிவப்பு

இலையை மஞ்சளாக்கும் நோயை முகர்ந்து மோப்பக் கருவி சிவப்பு காட்டினால் எலுமிச்சைக் கன்றை எரிக்க வேண்டும். நூறு கன்று சிவப்பானால் நாற்றங்காலையே ஐந்து வருடம் மூடிவிடுவார்கள். புளியங்குடியில் இசக்கியம்மாளின் எலுமிச்சை நாற்றங்காலில் அன்று காலை நானூறு கன்றுக்கும் சிவப்புதான் வந்தது.

ஆய்வாளர் மும்தாஜ் மூடல் உத்தரவை எடுத்தார்.

"ஒரு இலைகூட மஞ்சளாகல மேடம்," என்றார் இசக்கியம்மாள்.

மும்தாஜ் யோசித்தபடி கருவியைச் சுற்றி வந்தார். அதன் முனையில் மிளகாயோடு ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது.

"இதை யாரு கட்டுனது?"

"நாந்தான், காலையில மிஷின் வந்து எறங்குனதும். கண்ணு பட்டு ரிப்பேராயிரக் கூடாதுல்லா."

"மிஷினுக்குமா யக்கா கண்ணு படும்?"

"நாலு ஊருக்கும் சேத்து இது ஒண்ணுதான் இருக்கு. படாம?"

பழத்தை அறுத்தார்கள். சுளைகள் ஒரு பக்கமாகக் கோணி, விதைகள் கருத்திருந்தன. கருவி முகர்ந்தது பழத்திலிருந்த அந்த நோயைத்தான். கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு மறுபடி சோதித்தபோது நானூறும் பச்சை. இசக்கியம்மாள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பழம் எந்த மரத்துல பறிச்சது?"

பாத்திகளுக்கு நடுவே நின்ற பெரிய மரத்தை அவர் காட்டினார். "அதை வெட்டிரணுமா?"

"வெட்டத்தான் வேணும்."

மும்தாஜ் கன்றுகளைப் பார்த்தார். ஒரு வருடமாக அந்த மரத்தடியில், நோயைப் பரப்பும் அதே பூச்சிகளிடம் கடிபட்டு வளர்ந்தவை. உத்தரவை மடித்து வைத்துவிட்டு வேறொரு படிவத்தை எடுத்தார்.

"இதுல ஒண்ணுக்குக்கூட நோய் ஒட்டலியே. புது ரகம்னு பதியணும். பேரு என்ன எழுதட்டும்?"

"சொல்லுதேன் மேடம். மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிடுதேன்."