பாதித் தட்டு

"பாதிச் சோறு அப்படியே கிடக்குது, பாத்தியா?" என்று அடுப்படிக்குள் வந்து மனைவியின் காதைக் கடித்தார் விவசாயி.

"மெதுவாப் பேசுங்க. சம்பந்தி காதுல விழுந்துடப் போகுது."

"யாரு சம்பந்தி? அதுக்குள்ள நீயே முடிவு பண்ணிட்டியா?"

கூடத்து மேஜையில் அவர்களுடைய மகள், அவள் விரும்பிய டிராக்டர் மெக்கானிக், அவன் கூட்டி வந்த அம்மா மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சை எடுக்கத்தான் இந்த விருந்தே. பையன் தங்கமானவன் என்று கடைவீதியில் விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மா? தட்டின் நடுவே விரலால் கோடு கிழித்ததுபோல இந்தப் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத் தொடாமலே கையை எடுத்துவிட்டாள்.

விவசாயிக்கு வயிறு எரிந்தது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, நனைந்த நெல்லை இதே கூடத்தில் பரப்பி, அவரும் மனைவியும் மகளும் மாறி மாறிக் காலால் துழாவிக் காயவைத்துக் காப்பாற்றியதில் கிடைத்த சோறு அது. அவர் வீட்டில் கழுவப் போகும் தட்டில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்காது.

"சோத்தை வீணடிக்கிற வீட்டுக்கு என் பொண்ணைத் தரமாட்டேன்."

"உங்களுக்கு மாப்பிள்ளை வேணுமா, தட்டை வழிக்கிற ஆள் வேணுமா?"

"சிரிக்காதே. யோசிச்சுச் சொல்றோம்னு பக்குவமாச் சொல்லி அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

மெக்கானிக் தன் தட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, முதல்முறை வந்த வீடாயிற்றே என்று கூச்சப்படவும் இல்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்து, கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டான்.

விவசாயியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, கேட்டா இன்னும் கொஞ்சம் போடமாட்டோமா?"

"வயிறு நிறைஞ்சிடுச்சுங்க. இது நான் சாப்பிட வேண்டியது."

"வீட்லயும் இப்படித்தானா?"

"தினமும் இதே கதைதாங்க. சரி, கம்மியாப் போடலாம்னு பாத்தா, அதுலயும் பாதியை ஒதுக்கிடுவாங்க."

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வெட்கம். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. சாப்பாடு ருசியாத்தான் இருந்துச்சு. பாதியில கை தானா நின்னுடுது, நான் என்ன செய்யட்டும்?"

"விடு தங்கச்சி," என்றார் விவசாயி. மிச்சக் கோபமும் போன இடம் தெரியவில்லை. "நீ மிச்சம் வெச்சாலும் உன் பிள்ளை வீணாப் போக விடலியே! பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும். கல்யாணத்தை எப்போ வெச்சுக்கலாம், அதைச் சொல்லு."

அடுப்படி வாசலில் நின்ற மனைவி புன்னகையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணுங்க," என்றான் மெக்கானிக். "இவங்க என்னைப் பெத்தவங்க இல்ல."

விவசாயி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"எனக்கு அஞ்சு வயசுல அப்பாவும் அம்மாவும் போயிட்டாங்க. இவங்க களை எடுக்கிற வயல் வரப்புல போய் உக்காந்திருப்பேன். வேலை செய்யறவங்களுக்கு மட்டும் மத்தியானம் ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு குடுப்பாங்க. பாதி சாப்பிட்டதும் இவங்க, 'எனக்குப் போதும்டா, வீணாப் போகுது பாரு, நீ சாப்பிடு'ன்னு தட்டை என் பக்கம் தள்ளிடுவாங்க. இந்த உடம்பு அந்தப் பாதிச் சோத்துல வளந்ததுங்க."

அவன் கையிலிருந்த காலித் தட்டைப் பார்த்தான்.

"அன்னிக்கு அவங்களுக்கும் பசிச்சிருக்கும்னு, நானே வேலைக்குப் போய்க் களைச்சு உக்காந்த பிறகுதாங்க எனக்குப் புரிஞ்சுது."